புள்ளிக்கோடு

டீச்சர் மாநகராட்சி அலுவலகத்தின் மாடிப்படியில் கால் வைத்தாலே வாசல் காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிடும். "மேலதான் இருக்காரும்மா, போங்க, சண்டைக்கு ரெடியா இருக்காரு" என்பார். டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வரும். சண்டை போடவா அவள் வருகிறாள்? நியாயம் கேட்க வருகிறாள். அதைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே!

விஷயம் இதுதான். டீச்சர் ஒரு வாடகை வீட்டில் பல வருஷமாகச் சின்னப் பள்ளிக்கூடம் நடத்திவந்தாள். முன்னறையில் ஒரு வகுப்பு, பின்னறையில் ஒரு வகுப்பு, சமையலறையில்கூட ஒரு வகுப்பு. திடீரென்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். டீச்சர் இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்து, போதாததற்குக் கடனும் வாங்கி, மேட்டுப் பக்கத்தில் ஒரு மனையை வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினாள். கட்டுகிற பொறுப்பு அவள் தம்பிக்கு. அவனிடம் எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் "ஆச்சுக்கா" என்பான். ஜன்னலே வந்து சேர்ந்திருக்காது, ஜன்னல் மாட்டியாச்சா என்று கேட்டால் "ஆச்சுக்கா". ஊரே அவனை ஆச்சு என்றுதான் கூப்பிட்டது. அவனும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆச்சு எப்படியோ கட்டிடத்தை எழுப்பிவிட்டான். அப்போதுதான் மாநகராட்சியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் மாடியிலும் மைதானத்திலும் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகும்?

"எங்க போகும்? கீழ போகும்" என்றாள் டீச்சர்.

"கீழ மனுஷங்க இருக்காங்கம்மா" என்றார் ரசமட்டம்.

ரசமட்டம் என்பது மழைநீர் வடிகால் பிரிவு இன்ஜினியருக்கு ஊர் வைத்த பெயர். சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, அந்தச் சின்னக் கருவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்கூட அதை எடுத்து வைத்துப் பார்ப்பார் என்று சொல்வார்கள். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. அதுவரை யாரிடமும் ஒரு கப் டீ வாங்கிக் குடிக்காத மனிதர். அதனாலேயே அவரோடு பேசுவது மகா கஷ்டம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ரோட்டைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் குழாய் போட வேண்டும், அப்போதுதான் பள்ளிக்கூடம் திறக்க அனுமதி என்றார் அவர். உங்கள் தண்ணீர், உங்கள் செலவு.

"ஏன் சார், மேல்தெருத் தண்ணியெல்லாம் என் மனை வழியாத்தானே ஓடுது? அதுவும் இதே குழாயிலதானே போகப்போகுது? ஊர்த் தண்ணிக்கும் சேர்த்து நான் அழணுமா?"

"உங்க கட்டடம் வர்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி பாதி மண்ணுலயே ஊறிடுச்சும்மா. இப்ப எங்க ஊறும், உங்க சிமெண்ட்லயா?"

இப்படி ஆரம்பித்தது. மாதக்கணக்கில் இழுத்தது. குழாயின் குறுக்களவில் எவ்வளவு பள்ளிக்கூடத்துத் தண்ணீர், எவ்வளவு ஊர்த் தண்ணீர் என்று ஒரு வாரம். ஆள் இறங்கும் குழிக்கு மூடி யார் போடுவது என்று இன்னொரு வாரம். மூடியில் மாநகராட்சி முத்திரை இருப்பதால் அது மாநகராட்சிச் செலவு என்றாள் டீச்சர். அப்படியானால் முத்திரை இல்லாத மூடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். இரண்டு பேரும் கறாரில் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒரு செங்கல் கூடுதலாகத் தன் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதிலேயே இரண்டு பேருக்கும் கண்.

கடைசியில் ஒரு வழியாக ஒப்பந்தம் ஆனது. பள்ளிக்கூடத்துப் பக்கம் டீச்சர் செலவு, வாய்க்கால் பக்கம் மாநகராட்சி செலவு. இரண்டு தரப்பும் அவரவர் வேலையை வரைபடமாகப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். இந்த வரைபடங்களில் ஒரு வழக்கம் உண்டு. தான் செய்கிற வேலையை முழுக்கோடாகப் போடுவார்கள். அடுத்தவர் செய்ய வேண்டியதைப் புள்ளிக்கோடாகக் காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். டீச்சர் தன் முழுக்கோடு எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்தாள், ரசமட்டம் தன் முழுக்கோடு எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. கையெழுத்துப் போட்டுவிட்டு முதல்முறையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டார்கள்.

ஆச்சு தன் பங்குக் குழாயைப் போட்டு, முனையில் ஒரு பலகையை வைத்து மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு மாநகராட்சி ஆட்கள் வந்து தங்கள் பங்கைப் போட்டு, அவர்களும் முனையை மூடிவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து பெஞ்சுகளை ஏற்றி வந்தாயிற்று. வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் பள்ளிக்கூடம் திறப்பு என்று பெற்றோர்களுக்குச் சொல்லியாயிற்று. ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போனதில் சில பேர் முகம் சுளித்திருந்தார்கள். "இந்தத் தடவையும் திறக்கலைன்னா வேற ஸ்கூல் பாத்துக்கறோம் டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஒரு அப்பா நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் போய்விட்டால் அந்தக் கட்டிடத்தை வைத்துக்கொண்டு டீச்சர் என்ன செய்வாள்? கடன்காரர்களுக்கு வகுப்பெடுப்பாளா? அந்தத் திங்கள்தான் அவளுக்கு எல்லாமே.

அனுமதிக்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு லாரி தண்ணீரைக் குழாய் தொடங்குகிற மைதானத்துக் குழியில் கொட்ட வேண்டும், அது வாய்க்காலில் வந்து விழ வேண்டும். டீச்சர் மைதானத்தில் நின்றாள். ரசமட்டம் வாய்க்கால் ஓரத்தில் நின்றார். நடுவில் கைபேசி.

"விட்டாச்சு சார்! வருதா?"

"வரலைம்மா."

"கடகடன்னு இறங்குது சார். பாருங்க, வந்துரும்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு சொட்டு இல்ல."

"லாரியே காலியாயிடுச்சு சார்!"

"அப்ப தண்ணி எங்கம்மா போச்சு?"

அது எங்கே போனது என்று ஒரு அலறல் சொன்னது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ரோட்டோரத்தில் ஒரு தையல்கடை. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் கடை இரண்டு படி பள்ளத்தில் இறங்கியிருந்தது. முன்பக்கம் மிஷின், பின்பக்கம் தட்டி கட்டிக் குடித்தனம். டெய்லரம்மா ஒண்டிக்கட்டை. பள்ளிக்கூடத்துச் சீருடைகளையும் அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தபோது நடைபாதை மண் பொங்கிக் கடைக்குள் சேற்றுத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தைத்து அடுக்கியிருந்த நீலக் கால்சட்டைகள் அதில் மிதந்தன.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த ரசமட்டம் இரண்டு வரைபடத்தையும் ரோட்டிலேயே விரித்தார். டீச்சர் குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் படத்தில் ரோட்டுக்கு அடியில் புள்ளிக்கோடு. மாநகராட்சிப் படத்திலும் ரோட்டுக்கு அடியில் புள்ளிக்கோடு. அட கடவுளே, மாதக்கணக்கில் மூடிக்குச் சண்டை போட்ட இரண்டு பேரும் ரோட்டை விட்டுவிட்டார்கள்!

"ரோடு உங்களுது. நீங்கதானே சார் வெட்டணும்?"

"ரோட்டை வெட்ட வேண்டியதே உங்க பள்ளிக்கூடத்தாலதானே? நீங்கதான் வெட்டணும்."

"எங்கிட்ட இனிமே சல்லிக்காசு கிடையாது."

"எங்கிட்டயும் உத்தரவு கிடையாது. போன மாசம்தான் தார் போட்ட ரோடு. அதை வெட்டணும்னா கவுன்சில் ஒத்துக்கணும். அவங்க கூடறது அடுத்த மாசம்."

இப்படி மாற்றி மாற்றி அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் டெய்லரம்மா முட்டளவு சேற்றில் நின்று கால்சட்டைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட டீச்சருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "நீங்க பேசிட்டு இருங்க டீச்சர். அந்த வாளியை மட்டும் இப்படித் தள்ளிவிடுங்க" என்றாள். டீச்சருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. அந்தத் திங்கள் அவள் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரசமட்டமே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, கவுன்சில் கூடுகிறவரைக்கும் தற்காலிக அனுமதி தருகிறேன் என்றார். பிள்ளைகள் நடமாடுகிற இடம் என்பதால் மைதானத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் அனுமதி அன்றைக்கே ரத்து. தையல்கடையைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கித் தடுப்பு வைக்க வேண்டும். அவர் சர்வீஸிலேயே இப்படி வளைந்துகொடுத்தது அதுதான் முதல் தடவை. டீச்சருக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. "ரொம்ப நன்றி சார்" என்று மட்டும் சொன்னாள். தம்பியிடம் மணல்மூட்டை அடுக்கியாச்சா என்று கேட்டாள்.

"ஆச்சுக்கா."

எவ்வளவு ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

திறப்புக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம், காலமில்லாத காலத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டீச்சர் வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே எழுத்துப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் தையல்கடைக்கு ஓடினாள். ஒரு பக்கம் மட்டும் மணல்மூட்டை இருந்தது. மறுபக்கம் திறந்து கிடந்தது. நடைபாதைக்கு அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பிக் கடைக்குள் பாய்ந்தது. டெய்லரம்மா வெட்டுமேஜை மேல் ஏறி நின்று, மறுபடி துவைத்துத் தேய்த்து வைத்திருந்த சீருடை மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"துணி தப்பிச்சுருச்சு டீச்சர். மிஷினைத்தான் என்னால ஒண்டியா தூக்க முடியல" என்றாள். "மோட்டர்ல தண்ணி ஏறிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

இரண்டு பேரும் தூக்கிப் பார்த்தார்கள். பழைய இரும்பு மிஷின், ஒரு சாண் எழும்பியதோடு சரி. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

டீச்சர் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மைதானத்தில் போய் நின்றாள். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை! பெய்கிற மழை அத்தனையும் ஒழுங்குப் பிள்ளையாக வரிசையில் ஓடிக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கடன் வாங்கிப் போட்ட குழாய் அவ்வளவு அருமையாக வேலை செய்தது. பொய் சொல்வானேன், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் டீச்சருக்குத் தோன்றியது. மழை என்ன நாள் பூராவுமா பெய்யப்போகிறது? மிஷின் கெட்டால் சரி பண்ணிக் கொடுக்கலாம், கடன் சொல்லிக்கொள்ளலாம், காலில்கூட விழலாம். திங்கட்கிழமை போனால் போனதுதான்.

வாசல் பக்கம் ஆச்சு அடுக்காமல் விட்ட மணல்மூட்டைகள் கிடந்தன.

"டேய்! இங்க வாடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே வெள்ளையடிப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சு ஓடிவந்தான். "தூக்கு. குழியில போடு."

"அக்கா, குழியை அடைச்சா தண்ணி நம்ம ஸ்கூலுக்குள்ள வந்துரும்க்கா!"

"தெரியும். போடு."

"அனுமதி போயிரும்க்கா. திங்கக்கிழமை..."

"போடுடா!"

ஆச்சு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கினான். அன்றைக்கு அவன் 'ஆச்சுக்கா' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குழி அடைந்தது. மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. தண்ணீர் படியேறி வகுப்பறைக்குள் நுழைந்தது. புது பெஞ்சுகளின் கால்கள் மறைந்தன. டீச்சர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மூட்டைகளைத் தண்ணீர் தள்ளிவிடாமல் அவற்றின் மேலேயே ஏறி நின்றாள். அழுதாளா என்று கேட்டால், அந்த மழையில் யாருக்குத் தெரியும்? அழுதாள்தான்.

ரசமட்டம் ரெயின்கோட்டோடு அப்போது வந்து சேர்ந்தார். மைதானத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது! தண்ணி தேங்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"உங்க அனுமதியைக் கிழிச்சுப் போடுங்க சார். அப்புறம் அந்தப் பக்கம் போங்க. டெய்லரம்மாவுக்கு மிஷினைத் தூக்க ஆள் வேணும். நீயும் போடா."

அவர் அவளையும் அவள் காலடியில் இருந்த மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆச்சுவோடு கடைக்கு ஓடினார். தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் நின்றிருந்தது. மூன்று பேருமாக மிஷினை மேஜை மேல் ஏற்றினார்கள். மோட்டார் நனையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வகுப்பறைச் சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது ரோட்டில் இயந்திரச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் மாநகராட்சி வண்டி போன மாதம் போட்ட தாரைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரசமட்டம் நின்றார்.

"உத்தரவு வந்துருச்சா சார்?"

"எங்க வந்துச்சு? நான்தான் வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னேன்." பிறகு எரிந்து விழுந்தார். "உங்க தம்பிகிட்ட குழாய் இருக்கா? என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க, கொண்டு வரச் சொல்லுங்க. எங்க ஸ்டோர்ல இருந்து எடுத்தா திருட்டுப் பட்டமும் சேர்ந்துக்கும்."

ஆச்சுவிடம் மிச்சக் குழாய் இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு முனைகளும் ஒன்று சேர்ந்தன. டெய்லரம்மா எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். ரசமட்டம் எடுத்துக் குடித்தார்.

பள்ளிக்கூடம் அந்தத் திங்கள் திறக்கவில்லை. தரை காய்ந்து, பெஞ்சுகளைக் கழுவி, புது அனுமதி வாங்கித் திறந்தபோது சில குடும்பங்கள் சொன்னபடியே பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தன. டீச்சருக்கு அது வலித்தது. காலியாக இருந்த இடங்களைப் பார்க்காமல் பாடம் நடத்தப் பழகிக்கொண்டாள். மற்றவர்கள் வந்தார்கள், நீலக் கால்சட்டையோடு.

ரசமட்டத்துக்கு மெமோ வந்த சேதியை ஆச்சுதான் கொண்டுவந்தான். உத்தரவில்லாமல் ரோட்டை வெட்டியதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம், நாளைக்குக் கமிஷனர் முன்னால் நிற்க வேண்டுமாம். மறுநாள் பள்ளியை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு டீச்சர் கிளம்பினாள். யாரும் கூப்பிடாமலே கமிஷனர் அறைக்குள் நுழைந்தாள்.

கமிஷனர் வயதில் சின்னவர், களைத்த முகம். "ரோட்டை வெட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் ரசமட்டம்.

"இல்ல சார், என்னாலதான் வெட்டினாரு. ரோட்டுக்கு அடியில நான்தான் குழாய் போடாம விட்டேன்" என்றாள் டீச்சர்.

"அவங்க படத்தைச் சரிபார்க்க வேண்டியவன் நான். தப்பு என்னுது."

"நீங்க சும்மா இருங்க சார். அந்தச் செலவை நான் கட்டுறேன் கமிஷனர் சார், தவணையில."

"அவங்ககிட்ட வாங்காதீங்க சார். என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

கமிஷனர் பேனாவை மேஜையில் வைத்தார். இவ்வளவு நாளும் உன்னுது உன்னுது என்று அடித்துக்கொண்டவர்கள் இன்று என்னுது என்னுது என்று அதே குரலில், அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

"குழாய்ச் செலவை ரெண்டா பிரிச்சுப் போடச் சொல்றேன், கவுன்சில்ல பேசிக்கிறேன். ஆனா உத்தரவில்லாம ரோட்டை வெட்டினது வேற விஷயம். ஒரு வருஷ சம்பள உயர்வு நிறுத்தி வைக்க வேண்டியதுதான். அதுக்குக் குறைச்சு என்னால எழுத முடியாது."

"அதுலயும் பாதியை எனக்குப் போடுங்க சார்" என்றாள் டீச்சர்.

கமிஷனர் சிரிக்கவில்லை. "செலவைப் பிரிக்கலாம்மா. தண்டனையைப் பிரிக்க எங்கிட்ட வழி இல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே வராண்டாவில் கிடந்த பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"எதுக்கு இப்ப அழறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் பின்னாலேயே வந்த ரசமட்டம்.

"பென்ஷன் குறையும்ல?"

"குறையும்." அவர் ஒளிக்கவில்லை.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சொன்னா பாத்திரம் பறக்கும். உங்களாலன்னு தெரிஞ்சா இன்னும் ரெண்டு பாத்திரம் சேர்ந்து பறக்கும். மாசக்கணக்கா சாப்பிட உக்காந்தாலே உங்களைத்தானே திட்டிட்டு இருந்தேன்? என் மனைவிக்கு உங்க பேரைக் கேட்டாலே ஆகாது."

டீச்சருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை நாளில் அவரை 'சார்' என்று தவிர அவள் வேறு எப்படியும் கூப்பிட்டது கிடையாது.

"வாங்கண்ணே, இப்பவே போவோம்" என்றாள். "அந்தத் திட்டுல பாதி என்னுது."

ரசமட்டம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"பாதியெல்லாம் கட்டுப்படி ஆகாதும்மா. முக்கால்வாசி நீங்க வாங்கிக்கணும்."

"அதெல்லாம் முடியாது. சரிபாதிதான். அதுக்கு மேல ஒரு சொல்லு வாங்க மாட்டேன்" என்றாள் டீச்சர். இரண்டு பேரும் பேரம் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினார்கள்.